பாதிக்குப் பாதி தோற்பது ஏன்?

உதியன்குளங்கரையில் செஸ் ஆட ஆசைப்படும் ஒரு பிள்ளைக்கு இன்று எதிராளிக்குப் பஞ்சமில்லை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த ஊரில் கைப்பேசியைத் திறந்தால் போதும், சில நொடிகளில் பிரேசிலிலிருந்தோ போலந்திலிருந்தோ ஒருவர் ஆட வந்துவிடுவார். ஆட்டம் முடிந்த கையோடு, எந்த நகர்வு தவறு என்று கணினி காட்டிவிடும். லிசெஸ் தளத்தில் இதற்கெல்லாம் ஒரு பைசா கேட்பதில்லை. சிறுவயதில் விஸ்வநாதன் ஆனந்துக்குக் கிடைக்காத வசதி இது. அப்படியும் வருடக்கணக்கில் ஆடி அதே ரேட்டிங்கைச் சுற்றிச்சுற்றி வருகிறவர்கள் ஏராளம். சோம்பல் காரணமில்லை, தினமும் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

ரேட்டிங் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இதில் வியப்பு ஒன்றுமில்லை. உலக செஸ் கூட்டமைப்பு 1970இல் ஏற்ற ஈலோ கணக்கின்படி, 200 புள்ளி மேலே இருப்பவர் நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்று புள்ளி எடுப்பார். சமமானவர்கள் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். இணையத் தளங்கள் இதன் வழிவந்த முறைகளைக் கொண்டு, நமக்குச் சமமான ஆளையே தேடித் தருகின்றன. நாம் ஜெயித்தால் இன்னும் வலுவானவர் வருவார், தோற்றால் எளியவர் வருவார். ஆகவே எத்தனை ஆட்டம் ஆடினாலும் பாதி தோல்விதான். இந்த ஏற்பாடு திறமையை அளக்கும். வளர்க்கும் பொறுப்பு அதற்கில்லை. நீல் சார்னஸும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டக்காரரின் ரேட்டிங்கோடு மிக நெருங்கிய தொடர்புடையது அவர் தனியாக உட்கார்ந்து படித்த நேரமே என்று கண்டது. உடனே மணிக்கணக்கை எண்ணத் தொடங்கிவிடக் கூடாது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கோபேயும் கம்பிதெல்லியும் 2007இல் சொன்னது வேறு: மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்கு 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000 மணி நேரம் தேவைப்பட்டது. இயல்பான திறமைக்கு இதில் பங்கில்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அது நம் கையில் இல்லை. அந்த மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

இணையத்தில் பலர் அடிக்கடி விழும் பொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிளாக்பர்ன் ஷில்லிங் பொறி என்று அதற்குப் பெயர். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நகர்விலேயே கறுப்பு தன் குதிரையைப் பலகையின் நடுவுக்குத் தாவவிட்டு, மையச் சிப்பாயைக் காவலில்லாமல் விட்டுவிடும். வெள்ளை ஆசைப்பட்டு அதைக் குதிரையால் வெட்டினால், கறுப்பு ராணி வெளியே வந்து அந்தக் குதிரையையும் வெள்ளையின் ராஜா பக்கச் சிப்பாய் ஒன்றையும் ஒரே நேரத்தில் தாக்கும். அப்போதும் சுதாரிக்காத வெள்ளைக்கு ஏழாவது நகர்வில் செக்மேட். சிப்பாயை வெட்டியது தவறு என்று கணினி சொல்லும், சரியான நகர்வையும் காட்டும். ஆனால் ஒரு கோச் கேட்கும் கேள்வியை அது கேட்காது: ராணி வரும் என்று உனக்குத் தெரியவே இல்லையா, இல்லை தெரிந்தும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தாயா? முதல் பிழை, எதிராளி என்ன செய்வான் என்று பார்க்காதது. இரண்டாவது, பார்த்துவிட்டுக் கணக்கைப் பாதியில் நிறுத்தியது. கடிகாரத்தில் எட்டு நொடிதான் மிச்சம் என்றால் அது மூன்றாவது வகை. மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு. கணினிக்குத் தெரிவது நகர்வு மட்டும்தான்; அந்த நகர்வுக்கு முன்னால் மனதில் ஓடியதை ஆட்டக்காரர்தான் எழுதி வைக்க வேண்டும், அதைப் படித்துக் குறுக்குக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். குகேஷ் 2500 ரேட்டிங்கை நெருங்கும்வரை அவரை செஸ் எஞ்சின் பக்கமே விடாமல் வைத்திருந்தார் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. அந்தச் சிறுவன் 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் உலக சாம்பியன். ஒருவரின் கதை எல்லோருக்கும் சான்றாகாது என்றாலும், விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் அதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் இருந்தது.

வெறுமனே ஆடிக் குவிப்பதால் பயனில்லை என்பதற்கு வலுவான மறுப்பு கேரளத்திலிருந்தே வரும். திருச்சூர் நிஹால் சரின் இணையத்தில் மின்னல் வேக ஆட்டம் ஆடிக் குவித்தவர். 2020, 2021 இரண்டு ஆண்டும் ஜூனியர் ஸ்பீட் செஸ் பட்டம் அவருக்குத்தான். ஆனந்தும் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் வேக ஆட்டம் ஆடி வளர்ந்தவர். அப்படியானால் வேக ஆட்டத்தால் திறமை கெட்டுப்போகும் என்பது பொய்தானே? பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். வேக ஆட்டம் கண்ணைப் பழக்கும், திறப்பாட்டங்களை மனதில் பதிய வைக்கும். ஆனால் நிஹாலுக்கு ஸ்ரீநாத் நாராயணன் என்ற கிராண்ட்மாஸ்டர் பயிற்சியாளராக இருந்தார். டால் கிளப்பில் தோற்கடித்தவர் மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார். எங்கே விட்டேன் என்று அவரிடமே கேட்கலாம். கைப்பேசியில் தோற்றவனுக்கு 'மீண்டும் ஆடு' என்ற பொத்தான்தான் மிஞ்சுகிறது.

செலவு என்பதே சாதாரணக் குடும்பத்தின் முதல் கவலை, அது நியாயமானதும்கூட. வாராவாரம் கோச் தேவையில்லை என்பது என் கருத்து. வாரம் இரண்டு நீண்ட ஆட்டம், ஒவ்வொன்றும் ஆளுக்கு அரை மணியாவது. முடிந்ததும் எஞ்சினைத் திறக்காமல், திருப்பம் நேர்ந்த மூன்று நான்கு இடங்களில் என்ன நினைத்தோம் என்று எழுத வேண்டும். பிறகு எஞ்சினோடு ஒப்பிடலாம். தினமும் இருபது நிமிடம் புதிர், காயை நகர்த்தாமல் மனதிலேயே முடிவுவரை போட்டுப் பார்த்து. மிச்ச நேரத்தில் ராஜா-சிப்பாய், யானை இறுதியாட்டங்கள். திறப்பாட்ட வீடியோக்கள் கடைசியில் வரட்டும்; அவைதான் அதிகம் விற்கின்றன என்பது வேறு விஷயம். இப்படிக் குறிப்பெழுதிய தோல்வி ஆட்டங்களில் மூன்றை மாதம் ஒருமுறை கோச்சுக்கு அனுப்பினால், ஒரு மணி நேர வகுப்பே நிறைய வேலை செய்யும். லிசெஸ்ஸின் 'ஸ்டடி' பக்கத்தில் இருவரும் ஒரே பலகையைப் பார்த்துப் பேசலாம். கோச் சென்னையில் இருந்து தமிழிலும் பேசலாம், திருவனந்தபுரத்தில் இருந்து மலையாளத்திலும் பேசலாம். அந்த நகரம் 2015இல் கிராண்ட்மாஸ்டரான எஸ்.எல். நாராயணனைத் தந்தது, 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்திய அணியில் ஆடியவர் அவர்.

விளையாட்டையும் டியூஷன் ஆக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை முடிந்து வந்து அலுப்புத் தீர நாலு ஆட்டம் ஆடுகிறவருக்குத் திட்டம் எதுவும் வேண்டாம், பாதி தோற்றாலும் அவருக்கு நஷ்டமில்லை. முன்னேற வேண்டும் என்று தானே சொல்லும் பிள்ளைக்குத்தான் இந்தப் பேச்சு. அந்த வீட்டுப் பெற்றோர் தினம் ரேட்டிங்கைப் பார்ப்பதை விட்டுவிடலாம். ஆடும் விதத்தை மாற்றும்போது முதல் சில வாரங்களில் அது இறங்கவும் கூடும். அதற்குப் பதில் பிள்ளையின் குறிப்புகளைக் காட்டிக் கோச்சிடம் கேட்க வேண்டியது, கடைசி இருபது நீண்ட ஆட்டத்தில் எதிராளியின் நகர்வைப் பார்க்காமல் விட்டது எத்தனை, கணக்கைப் பாதியில் நிறுத்தியது எத்தனை, நேரம் தீர்ந்து விழுந்தது எத்தனை என்பதே. அடுத்த மாதத் திட்டத்தை அந்த மூன்று எண்களில் பெரியதைக் கொண்டு போடலாம்.