மாவு பொங்கிற்றா?

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது, எங்கள் சிநேகிதர் குழுவில் டொராண்டோ அக்காவின் செய்தி ஒன்று வந்திருந்தது: "அரைச்சு பதினாறு மணி நேரமாச்சு, மாவு அப்படியே குந்திக்கிட்டிருக்கு." அங்கே அப்போது இரவு, குளிர்காலத்தில் அவ்வூருக்கும் நமக்கும் பத்தரை மணி வித்தியாசம். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி. கோயம்புத்தூர் அக்கா முதலில் பதில் எழுதினார்: "ஓவனுக்குள்ள லைட்டை மட்டும் போட்டு, பாத்திரத்தை உள்ள வச்சு மூடிருங்க." யாழ்ப்பாணத்துச் சிநேகிதி, "ஒரு துவாயால சுத்தி வையுங்கோ அக்கா" என்று சேர்த்தார். சிங்கப்பூர்க்காரர் தமக்கு நாலே மணி நேரத்தில் மாவு மேடையில் வழிந்துவிட்டதென்று குறைப்பட்டுக்கொண்டார். மறுநாள் டொராண்டோவிலிருந்து ஒரு படம் வந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, விளிம்பில் ஒரு கோடாக இறங்கியிருந்த மாவு. அதைக் கண்டு ஆறு ஊர்களில் ஆறு பேர் மெய்யாகவே சந்தோஷப்பட்டோம்.

இதை என் உறவினர் ஒருவர் படித்துவிட்டு, படித்த மனிதர்கள் கூடிப் பேசுவதற்கு மழையும் மாவும் துணி காய்ந்ததும் தவிர வேறு விஷயம் கிடையாதா, இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டார். அன்று அவருக்குச் சட்டென்று விடை சொல்ல எனக்கு வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக, மாடித் தோட்டத்து விதைகளைத் தபாலில் பரிமாறிக்கொள்ளத் தொடங்கி, விதைகள் நின்றுபோன பின்னும் பேச்சு நிற்காமல், ஒருவரையொருவர் நேரில் கண்டறியாமலே அன்றாடம் சம்பாஷித்துவரும் இந்தச் சிறு கூட்டத்தைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் அதன் பின்புதான்.

மாவிலிருந்தே தொடங்குகிறேன். உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள், ஊறி அரைபட்ட மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவைக் குமிழ் குமிழாகப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு பொங்குகிறது. முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பம் அவ்வுயிர்களுக்கு உகந்தது. ஆகையால் சித்திரையில் சென்னையில் இரவு அரைத்த மாவு விடிவதற்குள் புளித்துவிடுகிறது. மார்கழியில் அதே வீட்டில் அதே பாத்திரத்தில் காலை எட்டு மணிக்கும் சோம்பிக் கிடக்கிறது. கனடாவில் ஓவனுக்குள் எரியும் சிறு விளக்கின் உஷ்ணம் ஒரு சென்னை இரவை அப்பெட்டிக்குள் உண்டாக்கிக் கொடுக்கிறது. "மாவு பொங்கிற்றா?" என்று ஒருத்தி கேட்கும்போது சீதோஷ்ணத்தைக் கேட்கிறாளா, சமையலைக் கேட்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அவை இரண்டும் ஒன்றே.

துணி உலர்த்துவதும் அப்படித்தான். வைகாசியில் நான் கொடியில் துணி போடும்போது கண் போவது கிழக்கே. நிலம் கடலைவிட விரைவில் சூடேறுவதால் பகலில் கடலிலிருந்து காற்று கரைக்கு வர வேண்டும்; ஆனால் அம்மாதங்களில் மேற்கேயிருந்து வீசும் வறண்ட காற்று பலமாயிருந்தால் அது கடற்காற்றை வெளியே நிறுத்திவைத்துவிடுகிறது. நண்பகலுக்குள் கடற்காற்று நுழைந்துவிட்டால் பிழைத்தோம். மூன்று மணி வரை வராவிட்டால் வெப்பம் நாற்பதைத் தாண்டும். 2003-ஆம் ஆண்டு மே மாத முடிவில் சென்னையில் 45 டிகிரி பதிவானதை இன்றும் பேசிக்கொள்கிறோம். கோயம்புத்தூர் அக்காவுக்குக் கவலை வேறு விதம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அவ்வழியே புகுந்து ஆடியில் அவர் மொட்டைமாடியைத் துடைத்துக்கொண்டு போகும். ஒரு வருஷம் அவர் வீட்டுப் போர்வை இரண்டு தெரு தள்ளி ஒரு முருங்கை மரத்திலிருந்து மீட்கப்பட்டது; அதிலிருந்து ஆடி பிறந்தால் நாங்கள் "போர்வை பத்திரமா?" என்றுதான் விசாரிக்கிறோம். நாகர்கோவில் அக்காவுக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. வற்றல் போட அவருக்குக் கிடைக்கும் நாட்கள் எண்ணித்தான் கிடைக்கும். சிங்கப்பூரிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பருவம் என்ற வரையறை அதிகமில்லாமல் எப்போது வேண்டுமானாலும். அடுக்குமாடி ஜன்னலிலிருந்து மூங்கில் கழியில் துணியை வெளியே நீட்டியவர் பாதிக் காரியத்தில் ஓடிவந்து உள்ளே இழுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சிநேகிதியிடமிருந்து நான் கற்றவை பல. அவர் காற்றைக் காற்று என்று மட்டும் சொல்லிவிடுவதில்லை. "சோளகம் தொடங்கிட்டுது" என்பார்; தென்மேற்குக் காற்று. மழைக்காலத்தில், "வாடை அடிக்குது, உடுப்பு ஒண்டும் காயேல்லை" என்பார். திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றை அழைத்த தமிழ் மரபில் பெரும்பகுதியைப் பட்டணத்தில் நாங்கள் ஏட்டோடு விட்டுவிட்டோம். அவர் வீட்டுக் கொடியில் அது இன்னும் வழக்கில் இருக்கிறது.

இவ்வாறு பேசுவதைக் குறித்து அறிஞர் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். மானிடவியல் வல்லுநரான மாலினோவ்ஸ்கி, முதல் உலக யுத்த காலத்தில் பசிபிக் சமுத்திரத்து டிரோப்ரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து அம்மக்களின் பேச்சைக் கவனித்து, 1923-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை வெளியிட்டார். மனிதர் பேசுவதெல்லாம் செய்தி சொல்வதற்காக அல்ல; வானிலையையும் க்ஷேம லாபத்தையும் விசாரிக்கும் பேச்சில் சொற்களின் பொருள் முக்கியமன்று, கூடியிருக்கிறோம் என்னும் பிணைப்பை உண்டாக்குவதே அதன் தொழில் என்றார். பிணைப்பைப் பற்றி அவர் கூறியதை நான் மனமார ஒப்புகிறேன். பொருள் முக்கியமன்று என்பதை மட்டும் என்னால் ஒப்ப இயலவில்லை. சென்னையில் ஒரே மாலையில் ஒரு பேட்டையில் கொட்டும், அடுத்த பேட்டையில் தூறல்கூட இராது. "இங்க இருட்டிக்கிட்டு வருது" என்று தாம்பரத்துப் பக்கத்திலிருந்து வரும் வரியைப் பார்த்து மாடிக்கு ஓடிப் பல தடவை வடாம் காப்பாற்றியிருக்கிறேன்.

நம் மரபில் இப்பேச்சுக்கு இருக்கும் இடம் சிறியதன்று. தெருக்கூத்தில் ராஜா கொலு மண்டபத்துக்கு வந்ததும் மந்திரியிடம் முதலில் கேட்பது, மாதம் மும்மாரி பொழிகிறதா என்பதே. பகைவரைப் பற்றியும் பொக்கிஷத்தைப் பற்றியும் பிறகுதான். என் பாட்டனாருக்கு ஊரிலிருந்து வந்த தபால் கார்டுகளில் க்ஷேமம் எழுதிய மறு வரி மழையாகத்தான் இருக்கும். தொல்காப்பியம் அகத்திணைக்கு வகுத்த அமைப்பை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். பொழுதென்பது கார், கூதிர் முதலாகிய ஆறு பருவங்களும், ஒரு நாளின் வைகறை, நண்பகல், மாலை போன்ற கூறுகளும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். கூடுவதும் பிரிவதும் காத்திருப்பதும் இரங்குவதும் ஊடுவதுமாகிய மனத்தின் விஷயம் உரிப்பொருள். ஒன்றைவிட ஒன்று சிறந்ததாக இம்மூன்றும் வரும். எங்கள் பேச்சும் இந்த வரிசையில்தான் நடக்கிறது என்பதை நான் வெகு காலம் கவனிக்கவில்லை. முதலில் ஊரும் வானமும். அடுத்து அடுப்பும் கொடியும். அவற்றைக் கடந்துதான், அதுவும் எப்போதோ ஒருநாள், ஒருவர் மனம் திறக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கருப்பொருள்களில் தொழிலைக் குறிக்கத் தொல்காப்பியர் ஆண்ட சொல் "செய்தி." செய்வது எதுவோ அதுவே செய்தி. பாத்திரம் தேய்த்தாயிற்று என்று நாங்கள் அனுப்பும் வரிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

வீட்டு வேலை எவ்வளவு பெரிய தொழில் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், குடும்பத்தாருக்காக ஊதியமில்லாமல் வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷங்களும், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிஷங்களும் அதில் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! வேறெந்த உத்தியோகத்திலும் ஐந்து மணி நேரம் உழைப்பவர் அதைப் பற்றிப் பேசினால் யாரும் வீண் பேச்சென்று சொல்வதில்லை. துலக்கிய பாத்திரம் மறு வேளைக்குள் அழுக்காகிவிடுகிறது. பெருக்கிய கூடம் மாலையில் மறுபடி தூசு. செய்ததற்கு அடையாளம் நிற்காத வேலை இது. அதைச் செய்தேன் என்று சொல்லி, ஆமாம் செய்தாய் என்று கேட்டுக்கொள்ள ஒருவர் இருப்பது எத்தனை ஆறுதல் என்பதை அவ்வேலை செய்கிறவர்கள் அறிவார்கள்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. அன்றும் மறுநாள் காலையுமாகத் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. எங்களில் இளையவள் முடிச்சூரில் ஒரு தனி வீட்டில் இருந்தாள். மாலையில், "துணி எதுவும் காயல, வீடெல்லாம் ஈர வாடை" என்று எழுதியவள், இரவு பத்து மணிக்கு, "வாசல்ல மூணாவது படி முழுகிடுச்சு" என்றாள். அவள் வீட்டை எங்களில் யாரும் கண்டதில்லை. ஆனால் இரண்டு வருஷங்களாக அவள் தரை துடைத்த கதையைக் கேட்டவர்கள் நாங்கள். துடைப்பம் எட்டாத மூலை எது, அரிசி டிரம் எந்த மேடைக்குக் கீழே, மின்கலம் எங்கே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். யாழ்ப்பாணத்திலிருந்து உடனே வந்தது: "படிக்குக் கீழ இருக்கிற இன்வேர்ட்டரை முதல்ல நிப்பாட்டுங்கோ தங்கச்சி. பிறகு அரிசியை மேல ஏத்துங்கோ." நாகர்கோவில் அக்கா, "பின்வாசல் பக்கத்துல காஸ் சிலிண்டர் இருக்குல்லா, அத மூடிரு மோளே" என்றார். அதன் பின் முடிச்சூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நகரத்தின் பல பகுதிகளில் அற்றுப்போயின. இரண்டு நாள் கழித்து வந்த வரி என்னிடம் இன்னும் இருக்கிறது: "எல்லாரும் மாடியில இருந்தோம். அரிசி நனையல."

எங்கள் கூட்டத்தில் ஆண் ஒருவரே. தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மாடித் தோட்டக் காலத்தில் வந்தவர். வானிலை ஒன்றைத் தவிர வேறெதிலும் கலந்துகொள்ள மாட்டார். காலையில் காவிரியில் தண்ணீர் வந்ததா, மேகம் எப்பக்கம் என்று ஒரு வரி எழுதுவார், அவ்வளவுதான். சமையல் பேச்சு தொடங்கினால் மௌனமாகிவிடுவார். மூன்று வருஷங்களுக்கு முன் ஐப்பசியில், ஏறக்குறைய ஒரு மாதம் அவரிடமிருந்து அந்த ஒரு வரியும் வரவில்லை. நாங்கள் விசாரித்ததற்கும் பதில் இல்லை. பிறகு ஒருநாள் காலை பதினொரு மணிக்கு எழுதினார்:

"ஒருத்தருக்கு எவ்வளவு அரிசி போடணும்?"

கால் மணி நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பது திரையில் தெரிந்தது. அவருடைய மனைவியைப் பற்றி அவர் ஒரு நாளும் சொன்னதில்லை; அம்மாள் வளர்த்த பவளமல்லியைப் பற்றி மட்டும் ஒரு தடவை சொல்லியிருந்தார்.

நாகர்கோவில் அக்காதான் முதலில் எழுதினார். "ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு போதும் சார். அரை மணி ஊற வைங்க. சின்ன குக்கர் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு லிட்டர்."

"அப்ப ஒரு பங்கு அரிசிக்கு ரெண்டரைப் பங்கு தண்ணி. மூணு விசில்."

"சரி."

பிற்பகல் நான் கேட்டேன்: "அங்கே மழையா சார்?"

"தூறல்தான். கொடியில இருந்ததை உள்ளே எடுத்துட்டேன்" என்று பதில் வந்தது.