புயலில் மாண்ட கால்நடையும் சர்க்கார் உதவித் தொகையும்

புயலிலோ வெள்ளத்திலோ மாடு மாண்டால் அதன் விலையைச் சர்க்கார் கொடுத்துவிடும் என்ற எண்ணம் நம் அங்கத்தினர் பலரிடம் இருந்து வருகிறது. அது சரியன்று. கொடுக்கப்படுவது நஷ்ட ஈடு அன்று; தொழிலை மறுபடியும் தொடங்குவதற்கான உதவித் தொகை மட்டுமே. இவ்வேற்றுமையை அறியாமல் தாலுகா ஆபீசுக்குச் செல்வோர் ஏமாற்றத்துடன் திரும்புகின்றனர்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து இத்தொகை வருகிறது. நம் மாநிலத்தைப் பொறுத்தவரை அந்நிதியில் நூற்றுக்கு 75 பங்கு மத்திய சர்க்காருடையது. 25 பங்கு மாநிலத்தினுடையது. எந்தப் பிராணிக்கு எவ்வளவு என்பதை மத்திய உள்துறை வகுக்கிறது. 2022–23 முதல் 2025–26 வரையிலான காலத்துக்கு வகுத்தபடி, கறவைப் பசுவுக்கும் எருமைக்கும் ரூ. 37,500; வெள்ளாடு, செம்மறியாட்டுக்கு ரூ. 4,000, உழவு எருதுக்கு ரூ. 32,000, கன்றுக்கு ரூ. 20,000. கோழிக்கு ரூ. 100 வீதம், குடும்பத்துக்கு ரூ. 10,000க்கு மேற்படாது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளைப் பாழாக்கியபோது பசுவுக்கு ரூ. 30,000, ஆட்டுக்கு ரூ. 3,000 என்பதே விகிதம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின்னர் மாநில சர்க்கார் உயர்ந்த விகிதத்தை அறிவித்தது. உயர்ந்த விகிதமும் போதியதன்று. நல்ல கறவையிலுள்ள கலப்பினப் பசு ரூ. 37,500க்கு எந்தச் சந்தையில் கிடைக்கும்?

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டின் விவசாயச் சட்டப்படி, இயற்கைச் சீற்றத்தால் மாண்ட கால்நடைக்குச் சராசரிச் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 75 பங்கு கணக்கிட்டுத் தருகின்றனர். சந்தை விலை ஏறினால் தொகையும் ஏறும். நம் நாட்டில் தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுவதால், இடைக்காலத்தில் விலை உயர்ந்தால் அந்தச் சுமை மாடு வைத்திருப்பவர் தலையிலேயே விழுகிறது.

இதனினும் கடுமையானது எண்ணிக்கை வரம்பு. ஒரு குடும்பம் எத்தனை உருப்படிகளை இழந்திருப்பினும், மூன்று கறவை மாடுகளுக்கு அல்லது முப்பது ஆடுகளுக்கு மேல் உதவி கிடையாது. இரண்டு பசு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் அங்கத்தினரை இவ்வரம்பு தொடாது. கிடை போடும் கீதாரியின் நிலை வேறு. அறுவடை முடிந்த வயலில் இராமுழுதும் ஆடுகளை மடக்கி, உரத்துக்குக் கூலி பெறுபவர் அவர். மழைக்காலத்து இரவொன்றில் வெள்ளம் புகுந்து இருநூறு ஆடுகள் போயின என்று வைத்துக்கொள்வோம். முப்பதுக்குரிய ரூ. 1,20,000 மட்டுமே வரும். இருநூறுக்கும் பங்கிட்டால் ஆடு ஒன்றுக்கு ரூ. 600 ஆகிறது. உடல்கள் கிடப்பது ஒரு கிராமம். குடும்ப அட்டை இருப்பது மற்றொரு ஜில்லா. சிறு குடியானவரை மனத்திற்கொண்டு வகுத்த இவ்வரம்பு, ஆடே நிலமாகவும் வீடாகவும் உடையவருக்குப் பொருந்தாது என்பது எமது கருத்து. மந்தைக்காரருக்குத் தனி விகிதம் வேண்டும் எனக் கூட்டுறவுச் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புதல் தகும்.

இனி, அத்தாட்சி பற்றி. மாநில சர்க்கார் குறித்த அதிகாரி சான்றளித்தாலன்றித் தொகை வராது. ஆதலின் கால்நடை வைத்தியரும் கிராம நிர்வாக அலுவலரும் பார்வையிடுமுன் உடலைப் புதைத்துவிடலாகாது. வெள்ளம் அடித்துச் சென்ற பிராணிக்கோ காட்டுவதற்கு உடலே இல்லை. அங்கேதான் பழைய காகிதங்கள் உதவுகின்றன. தடுப்பூசியின்போது காதில் இடும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணை வீட்டிலும் ஒரு தாளில் எழுதி வைத்திருத்தல் வேண்டும். உற்பத்தி தரும் நிலையிலுள்ள பிராணிகளுக்கே உதவி என்று விதி கூறுவதால், பால் சங்கத்தின் அன்றாடப் பதிவேட்டில் அங்கத்தினர் பெயரில் ஏறியுள்ள அளவுகள், பசு கறவையில் இருந்ததற்கு நல்ல ஆதாரமாகும். காரியதரிசிகள் கேட்டவுடன் அதன் நகலைக் கொடுத்துதவ வேண்டும்.

பறவைக் காய்ச்சல் போன்ற நோயால் மாண்ட கோழிகளுக்கு இந்நிதியிலிருந்து உதவி கிடையாது. அதற்குக் கால்நடைத் துறையின் தனித் திட்டம் உண்டு. மனுவை அங்கேயே கொடுக்க வேண்டும்.