கடல் கடந்து ஒரு குடும்பம்!



நம் திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். ஆனால் அவர் வளர்ந்தது பெற்றவர் வீட்டில் அல்ல. வீதியில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைப் பார்த்த மன்னர் நரசிங்கமுனையரையர், தந்தை சடையனாரிடம் கேட்டு வாங்கிப் போய்த் தம் பிள்ளையாகவே வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். அரண்மனையில் வளர்ந்தும் பிறந்த வீட்டு ஒழுக்கத்தை அவர் விடவில்லையாம். ஆக, வேறொரு வீட்டில் பிள்ளையாக வாழ்வது நம் ஊருக்குப் புதிதல்ல!

இதையே இன்று நாடு விட்டு நாடு போய்ச் செய்கிறார்கள். பண்பாட்டுப் பரிமாற்றத்தில் போகும் மாணவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு ‘ஹோஸ்ட் ஃபேமிலி’ என்று பெயர்.

இது எப்படி வந்தது? 1915ல், முதல் உலகப் போரின்போது, பிரான்சில் காயம்பட்டவர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு ஏ.எஃப்.எஸ். இரண்டு உலகப் போர்களையும் பார்த்தபின், இளைஞர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் வாழ்ந்து பழகினால் பகை குறையும் என்று எண்ணி 1947ல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியது. ரோட்டரி சங்கமும் 15 முதல் 19 வயது வரை உள்ளவர்களை இப்படி அனுப்புகிறது. டிப்ளமோ முதல் வருட மாணவர் வயதுதான் இது! விமானக் கட்டணம், விசா, இன்சூரன்ஸ் நம் வீட்டுச் செலவு. தங்க இடமும் சாப்பாடும் அங்குள்ள குடும்பம் தரும். அதற்காக அவர்கள் காசு வாங்குவதில்லை.

காசு வாங்காத வீட்டில் நாம் வாடகைக்கு இருப்பவர் அல்ல. விருந்தாளியும் அல்ல. அந்த வீட்டுப் பிள்ளை. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அடாப்டர் போட்டால் நம்ம ஊர் பிளக் அங்கே நுழையும். ஆனால் வோல்டேஜ் மாறாது. அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதுபோல நாலு வார்த்தை ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ கற்பது வெறும் அடாப்டர்தான். அந்த வீடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வதே டிரான்ஸ்ஃபார்மர்.

ஓர் உதாரணம். நம் வீட்டில் “இன்னும் கொஞ்சம் சாப்பிடுப்பா” என்றால் முதலில் “வேணாம், போதும்” என்போம். அத்தை விடமாட்டார், இலையில் வைத்துவிடுவார். அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு முறை “வேணாம்” என்றால் வேணாம்தான். மறுமுறை கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிடுவார்கள். நாம் அரைப் பட்டினியோடு “இவங்களுக்குப் பாசமே இல்லை” என்று படுப்போம். அவர்களோ பிள்ளை வயிறு நிறைந்தது என்று நினைத்திருப்பார்கள். பசித்தால் வாய் திறந்து கேளுங்கள்! சாப்பிட்ட தட்டைக் கழுவி வையுங்கள். ஆண்பிள்ளைக்கும் அதில் விலக்கு இல்லை.

ஜப்பானில் வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம்தான். குளியல்தான் வேறு. தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். இறங்கி எழுந்ததும் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. வீட்டில் எல்லோரும் அதே நீரைத்தான் முறைபோட்டுப் பயன்படுத்துகிறார்கள்!

எதற்கும் வளைந்துகொடுக்க வேண்டும் என்று அர்த்தமல்ல. மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன், விரதம் இருப்பேன் என்றால் போவதற்கு முன்பே எழுதிச் சொல்லலாம். அங்கே போனபின் மனதுக்குச் சரியில்லாத ஏதாவது நடந்தால், அந்த ஊரில் உங்களுக்கென்று பொறுப்பாளர் இருப்பார். உடனே அவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வேறு குடும்பத்துக்கு மாற்றுவார்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். பயந்து மௌனமாக இருப்பதுதான் ஆபத்து.

வெள்ளிமலையிலிருந்து இறங்கிவந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கும் கல்வராயன் மலை நண்பர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே பாதி தெரியும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பரிமாற்றம் என்றால் போவது மட்டுமல்ல, வருவதும்தான். நாளை ஒரு ஜெர்மன் மாணவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரலாம். “வேணாம்” என்று அவர் சொன்னால், இரண்டாம் முறையும் இட்லி வைக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள், நண்பர்களே!