தூசு படிந்த நுரையீரலும் சுவாசப் பொறியும்

கோலார் தங்க வயலில் பொன், குவார்ட்ஸ் என்னும் பளிங்குப் பாறையினுள் இழையோடிக் கிடந்தது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய சுரங்கங்கள், 2001-இல் மூடப்படுவதற்கு முன் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டின. தமிழ் ஜில்லாக்களிலிருந்து சென்ற தொழிலாளர் பலர் அங்கே பாறையைத் துளைத்தும் வெடி வைத்துப் பிளந்தும் உழைத்தனர். 1940-களில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 43-க்கு மேற்பட்டோரிடம் சிலிகோஸிஸ் என்னும் நோய் காணப்பட்டது.

பாறையைத் துளைக்குங்கால் எழும் தூசில் சிலிக்கா உள்ளது. பருமனான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களோ நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும். அவற்றை விழுங்கும் காவல் அணுக்கள் தாமே மடிகின்றன. அவ்விடத்தில் வடுக்கள் முடிச்சுகளாகத் திரள்கின்றன. தூசிலிருந்து விலகிய பின்னரும் இந்நோய் வளரக்கூடும். க்ஷயரோகமும் எளிதில் பற்றும்.

இத்தகைய நோயாளிக்கு மூச்சு முட்டிச் சுவாசப் பொறி தேவைப்படுமாயின், புதியதோர் அபாயம் தோன்றுகிறது. இயல்பான சுவாசத்தில் மார்பு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. பொறியோ காற்றை அழுத்தி உட்செலுத்துகிறது. வடுப்பட்ட பகுதிகள் விரிய மறுப்பதால், செலுத்திய காற்றின் பெரும்பங்கு எஞ்சிய மென்மையான பகுதிகளையே சேர்கிறது. அவை அளவுக்கு மீறி விரிந்து புண்படுகின்றன. சில வேளைகளில் கிழிந்து, காற்று நுரையீரலுக்கு வெளியே கசிந்து, அதனையே நசுக்கிவிடுகிறது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இவ்வுண்மையை வலியுறுத்தியது. நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பழுதுற்ற 861 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். உயரத்திற்கேற்ற உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்றுப் பெற்றோரில் நூற்றுக்கு சுமார் 40 பேர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றோரில் 31 பேரே இறந்தனர். அவர்கள் சுரங்கத் தொழிலாளர் அல்லர். எனினும், பழுதுற்ற நுரையீரலுக்குச் சிறு மூச்சே பாதுகாப்பு என்னும் பாடம் இங்கும் பொருந்தும்.

சுரங்கம் மூடப்பட்டுவிட்டது, ஆயினும் கல் உடைப்போர், கல்குவாரியில் உழைப்போர் முதலியோர் இன்றும் அதே தூசைச் சுவாசிக்கின்றனர். ஆகவே இருமலோடும் மூச்சுத் திணறலோடும் வருபவரிடம், 'முன்பு என்ன வேலை செய்தீர்கள்? எத்தனை ஆண்டுகள்?' என்று களப் பணியாளர் கேட்டறிந்து குறித்தல் வேண்டும். ஆசிரியர்களும் மாணவர் மூலம் இச்செய்தியைக் குடும்பங்களுக்கு எட்டச் செய்யலாம். அக்குறிப்பு மருத்துவரின் கைக்கு எட்டினால், பொறியின் அழுத்தத்தை அவர் தக்கவாறு அமைக்க அது துணைபுரியும்.