என் தென்னம்பிள்ளை விழுந்த கணக்கு!

மே மாதம் பிறந்தால் ஆபீஸில் ஆளாளுக்கு ஊட்டி, மூணாறு என்று கிளம்பிவிடுகிறார்கள். 'நீங்க எங்கே சார்?' என்பார்கள். 'பேராவூரணி' என்பேன். 'அங்கே என்ன சார் இருக்கு?'

என்ன இருக்கா? அம்மாச்சி வீடு இருக்குய்யா!

முழுப்பரீட்சை முடிந்த அன்றைக்கே அம்மா மூட்டை கட்டிவிடுவாள். எழும்பூரிலிருந்து காரைக்குடி போகும் கம்பன் எக்ஸ்பிரஸ். மீட்டர் கேஜ் ஆட்டத்தில் ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. பட்டுக்கோட்டை தாண்டினால் ஜன்னலில் தென்னை, தென்னை, மறுபடியும் தென்னை!

அங்கே எங்கள் ஆட்டபாட்டமெல்லாம் மின்சார வாரியத்தின் கையில். மும்முனை கரண்ட் வருவதே முறை வைத்துத்தான். "டேய், கரண்ட் வந்துருச்சு!" என்று மாமா குரல் கொடுத்ததும் பாதிச் சோற்றோடு பம்புசெட்டுக்கு ஓட்டம். அம்மாச்சி பின்னாலேயே திட்டிக்கொண்டு வரும். கையில் துண்டும் இருக்கும்.

பக்கத்திலேயே 'புது ஆறு' இருந்தது. கல்லணைக் கால்வாய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர். ஆனால் நாங்கள் அதில் கிரிக்கெட்தான் ஆடியிருக்கிறோம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து, கல்லணை வந்து, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் சென்னையில் எங்களுக்கு முதல் மாதப் பரீட்சையே வந்துவிடும்! அதில் தண்ணீர் ஓடி நான் பார்த்தது 2005 நவம்பரில், தாத்தா காரியத்துக்குப் போனபோது. யாருக்கும் குளிக்கத் தோன்றவில்லை.

தாத்தாவுக்கு ஒரு பழக்கம். பேரனோ பேத்தியோ பிறந்தால் தோப்பில் அதன் பெயரில் ஒரு தென்னம்பிள்ளை. ஒவ்வொரு வருஷமும் என்னை அதன் பக்கத்தில் நிற்க வைத்து உயரம் பார்ப்பார். நான் ஜெயித்ததே இல்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே அது காய்த்து, வீட்டுக்கு வருமானம் கொடுத்தது. நான் பி.காம். முடித்து முதல் சம்பளம் வாங்க இருபத்திரண்டு வயசு ஆயிற்று. (இதை மாமா எல்லார் முன்னாலும் சொல்லுவார்.)

2018 நவம்பர் 16. கஜா புயல். மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் மாமா பேசினார். "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் தம்பி. மரந்தான்..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நூற்று அறுபதில் நின்றது பதினொன்று.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா? நிவாரணக் கணக்கெடுப்பு லிஸ்ட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். ஏழு மரம் குறைந்தது. "மாமா, விட்டுட்டீங்களே!" என்றேன்.

"விடலைப்பா. அது ஏழும் உங்க மரம். பேரப்பிள்ளைங்க பேர்ல வச்ச மரத்துக்கு நான் என்னன்னு காசு வாங்குறது?"

ஏழு ஆயிரத்து நூறு, ஏழாயிரத்து எழுநூறு. எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

2025 மே மாதம் என் பையனை அழைத்துக்கொண்டு போனேன். அவன் பெயரில் மாமா நட்டிருந்த பிள்ளை, அவன் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தது. பையனுக்கு ரோஷம், குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தான். அப்புறம் புது ஆற்றங்கரைக்குப் போனோம்.

"என்னப்பா, ஆத்துல தண்ணியே காணோம்?"

"ஜூன் 12-க்கு அப்புறம்தான்டா வரும்."

"ஸ்கூலு?"

"ரெண்டாம் தேதி."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப லீவு போட்டுடுப்பா... நீயும்!"

கேஷுவல் லீவு எத்தனை பாக்கி என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.