ஸ்கேனர் ஏன் படிக்கவில்லை?

நண்பர் ஒருவர் தன் கடைக்காக 200 பார்கோடு லேபிள்களை அச்சிட்டார். ஒன்றைக்கூட ஸ்கேனர் படிக்கவில்லை! அத்தனையும் வீண்.

அவர் பயன்படுத்தியது கோட் 39 எழுத்துரு. இதில் எண்ணின் முன்னும் பின்னும் நட்சத்திரக்குறி கட்டாயம் வேண்டும். அதாவது 1045 என்பதை *1045* என டைப் செய்ய வேண்டும். பார்கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை ஸ்கேனர் இக்குறியை வைத்தே அறிகிறது.

கோடுகளின் இருபுறமும் வெற்றிடம் விடுங்கள். சிவப்பு நிறம் வேண்டாம். பெரும்பாலான ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பதால் அந்தக் கோடுகள் தெரியாது.

முதலில் ஒரே ஒரு லேபிளை அச்சிடுங்கள். நோட்பேடைத் திறந்து, யுஎஸ்பி ஸ்கேனரால் அதை ஸ்கேன் செய்யுங்கள். கீபோர்டில் டைப் செய்தது போல 1045 என்று திரையில் வர வேண்டும். வந்தால் மட்டும் மீதியை அச்சிடுங்கள்.

இந்த எண்கள் உங்கள் கடைக்குள் மட்டுமே செல்லும்.