ஒலித்தடம் – 17: முதல் நாடா

தசரா கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. குலசேகரன்பட்டினத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் குழாய் ஸ்பீக்கர்களை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, உப்புக் காற்றில் ஏறிய துருவைப் பையன்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கடை அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல். அவர் காதில் என் ஹெட்போனை மாட்டி ஒரு பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“தம்பி, வெள்ளக்காரன் பாட்டுன்னுல்லா சொன்னீய? இதுல தபலா அடிக்கது நம்மாளுல்லா!”

அவர் சொன்னது சரிதான். பாட்டு லெட் செப்பலின் குழுவுடையது. வாசித்தவர்கள் பம்பாய்க் கலைஞர்கள்.

1968இல் லண்டனில் தொடங்கி, ஹார்ட் ராக் இசைக்கே இலக்கணம் வகுத்த குழு லெட் செப்பலின். அதன் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்டும் 1972இல் பம்பாய்க்கு வந்தார்கள். தாங்கள் ஏற்கெனவே வெளியிட்டிருந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ என்ற இரு பாடல்களை நம் கலைஞர்களோடு சேர்ந்து புதிதாகப் பதிவு செய்தார்கள். அந்த நாடா 43 ஆண்டுகள் அதிகாரபூர்வமாக வெளிவரவே இல்லை. 2014, 2015 ஆண்டுகளில் குழுவின் ஸ்டூடியோ ஆல்பங்கள் அனைத்தையும் மூல நாடாக்களிலிருந்து ஜிம்மி பேஜ் மறுபடி மெருகேற்றி வெளியிட்டார். சிடி, இசைத்தட்டு ஆகியவற்றோடு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் உயர்தர ஒலிக்கோப்புகளாகவும் அவை வந்தன. அந்த வரிசையின் கடைசிச் சுற்றில், 2015 ஜூலையில், ‘கோடா’ ஆல்பத்தின் கூடுதல் தட்டில் பம்பாய்ப் பதிவுகள் இரண்டும் இடம்பெற்றன.

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: ‘24 பிட் என்றால் உண்மையிலேயே காதுக்கு வித்தியாசம் தெரியுமா?’

சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு அளவையும் குறிக்க 65,536 படிகள் உண்டு. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் நொடிக்கு 96,000 அளவுகள். படிகளோ 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். ஐந்து நிமிடப் பாட்டு சிடி தரத்தில் சுமார் 53 மெகாபைட் என்றால், இதில் சுமார் 173 மெகாபைட். ஆனால் நல்ல காதுள்ள இளைஞருக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அந்த எல்லையைச் சிடியே தொட்டுவிடுகிறது. ஆகவே வித்தியாசம் பெரும்பாலும் இந்த எண்களால் வருவதில்லை. யார், எந்த நாடாவிலிருந்து, எவ்வளவு பொறுமையாக எடுத்தார்கள் என்பதால் வருகிறது. நாடாவை மாற்றும்போதும் மெருகேற்றும்போதும் தாராளமாகக் கை வீசி வேலை செய்ய 24 பிட் இடம் கொடுக்கிறது. அதன் பெரிய பலன் அங்கேதான்.

இதைக் குலசேகரன்பட்டினத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு பாட்டைக் குழாயில் முழுச் சத்தத்தில் வைத்தால் தவில் எது, நாயனம் எது என்று பிரியாது. எல்லாம் ஒரே இரைச்சலாக வந்து மோதும். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல மறுவெளியீடுகளுக்கும் அதே கதி நேர்ந்தது. அடுத்த கம்பெனித் தட்டைவிடச் சத்தமாக ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய இடங்களையும் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஏற்றமும் இறக்கமும் போய்விட்டன. அப்படி நசுக்கிய பாட்டை எத்தனை பிட்டில் போட்டாலும் மூச்சு வராது.

மூச்சுள்ள பதிவு எப்படி இருக்கும் என்று அறிய, லெட் செப்பலின் 1971இல் வெளியிட்ட ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் குழுவின் தாளக் கலைஞர் ஜான் பொன்ஹாமின் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேல் மாடியிலிருந்து தொங்கவிட்டார்கள். தோலில் விழுந்த அடி சுவர் ஏறிப்போய் மைக்கைத் தொடுகிறது. கோயில் மண்டபத்துக்குள் மேளம் அடிக்கும்போது தூணுக்குத் தூண் நாதம் உருளுமே, அதே அனுபவம். அந்த வீட்டின் காற்றையும் சேர்த்துப் பிடித்துவைத்திருப்பது முதல் நாடா. பிரதிக்குப் பிரதி எடுத்தால் முதலில் தொலைவது அந்தக் காற்றுதான்.

எல்லா முதல் நாடாவுக்கும் பிழைத்திருக்கும் கொடுப்பினை வாய்ப்பதில்லை. 2008 ஜூன் முதல் தேதி ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் பிடித்த தீயில் ஏராளமான மூல நாடாக்கள் எரிந்துபோயின. இழப்பு எவ்வளவு பெரியது என்பது 2019இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதிய பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பேசாமல் எழுந்துபோய், பரணிலிருந்து ஒரு சாக்குப் பையை இறக்கினார். உள்ளே முழுக்க கேசட்டுகள். சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடைக்குக் குழாய் கட்டப் போன இடங்களில், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவரே பதிவு செய்த வில்லுப்பாட்டுகள். பலவற்றில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. சிலவற்றில் பெயரே இல்லை. “பாடுனவங்க பாதிப்பேரு போய்ச் சேந்துட்டாங்க தம்பி,” என்றார்.

பூஞ்சை இல்லாத ஒன்றை எடுத்து, நான் கொண்டுபோயிருந்த டெக்கில் போட்டோம். குடத்தின் அடி வந்தது. உடுக்கை மங்கலாக வந்தது. தலைமைப் பாடகரான அண்ணாவியின் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. ஸ்டூடியோ நாடா பெரும்பாலும் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட் ஓடுவது 4.76 சென்டிமீட்டர்தான், எட்டில் ஒரு பங்கு. அகலமும் நான்கு மில்லிமீட்டருக்குள். அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் எழுதியதைப் படிக்க, எழுதிய ஹெட் (நாடாவை உரசும் காந்தமுனை) எந்தச் சாய்வில் நின்றதோ அதே சாய்வில் படிக்கும் ஹெட்டும் நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் கீச்சொலிகள் மறைந்துவிடும்.

அந்தச் சாய்வை மாற்ற ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. வாட்ச் ரிப்பேர் திருப்புளியால் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். இன்னும் கொஞ்சம். வில்லில் கட்டிய மணிகள் கலகலவென்று வெளியே வந்தன. வீசுகோல் நாணில் விழும் ‘டங்’ ஓசை தனியாக, மணிகளின் சிலிர்ப்பு தனியாக. பின்னால் ஒரு பிள்ளை அழுதது. யாரோ ஒரு பெண் அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

அண்ணாச்சி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். “அம்மன் கோயில் கொடை. மழ வந்து பந்தல் சாஞ்ச வருசம்,” என்றார்.

கேசட்டில் இல்லாத எதையும் 24 பிட் கொண்டுவந்துவிடாது. ஆனாலும் அதே தரத்தில்தான் பதிவு செய்தேன். இன்னொரு முறை ஓடும் தெம்பு அந்த நாடாவுக்கு இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. கிடைக்கிற ஒரே ஓட்டத்தில் முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பம்பாயில் 1972இல் தபலா வாசித்தவரின் விரல் இன்று நமக்குக் கேட்கிறது. காரணம், ஒருவர் அந்த நாடாவைத் தூக்கிப்போடாமல் 43 ஆண்டுகள் வைத்திருந்தார். நம் அண்ணாவிகளுக்கும் குடம் அடித்தவர்களுக்கும் அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பை இருக்கலாம். இந்த வாரம் அதை இறக்கிவையுங்கள், கேசட்டுகளை ஓடவிட வேண்டாம். ஊர், கோயில், பாடியவர், ஆண்டு ஆகியவற்றை நினைவிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு ஒவ்வொரு கேசட்டிலும் எழுதுங்கள். நாடா பத்து வருடம் பிழைத்தாலும், அது யார் குரல் என்று சொல்லக்கூடியவர் அதுவரை இருக்க வேண்டுமே.

அன்று பொழுது சாயும்வரை அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினோரு கேசட்டுக்குப் பெயர் கிடைத்தது.

(பூஞ்சை பிடித்த கேசட்டை எப்படிச் சுத்தம் செய்வது? அடுத்த வாரம்.)